கடுவன் குரங்கும் கறுப்புப் பட்டியும்

பின்னேரத் தேத்தண்ணிக்கு உட்காரும்போது மகளைச் சீண்டுவதற்கென்றே என் மனுசன் ஒரு கேள்வி வைத்திருந்தார். போனில் எங்கேயோ பார்த்தது. நன்றாகப் பழகிய ஒரு சண்டைக்காரனால் ஒரு மனிதக் குரங்கை அடித்து விழுத்த முடியுமா, முடியாதா?

"கொரில்லா எண்டா ஏலாது அப்பா," என்பாள் மகள். "அது ஒருக்காக் கையை வீசினா எங்கட கழுத்து முறிஞ்சு போயிடும். சிம்பன்சி எண்டா யோசிக்கலாம்."

"சிம்பன்சிக்கும் மனுசனை விடப் பலம் கூடவாம். கடிச்சா விரல் மிஞ்சாது."

"பலம் வேற, பழக்கம் வேற அப்பா. அது கோவத்தில வரும். நான் கோவப்படமாட்டன். கண்ணைப் பாத்துக்கொண்டு நிப்பன். எந்தப் பக்கத்தால வரப்போகுது எண்டு கண்தான் முதல்ல சொல்லும்."

"இந்த விசர்க் கதையை விட்டுப்போட்டுத் தேத்தண்ணியைக் குடியுங்கோ, ஆறுது" என்று நான் குசினிக்குள் அடுப்படியில் நின்று கத்துவேன். ஆனால் உள்ளுக்குள், இன்னும் கொஞ்சம் கதைக்கட்டும் என்றுதான் இருக்கும். கொரில்லா வென்றால் எனக்கென்ன, தோற்றால் எனக்கென்ன? என் பிள்ளை தலையை நிமிர்த்தி, தகப்பனின் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்கிறாளே, எனக்கு அது போதும்.

ஏனென்றால் இவள் நிலத்தைப் பார்த்தே வளர்ந்த பிள்ளை. நான் பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கிறவள். வாயைத் திறந்தால் பக்கத்து வகுப்பும் சேர்ந்து அடங்கும். என் வயிற்றில் இப்படி ஒன்று எப்படி வந்து பிறந்ததோ தெரியாது. வீட்டுக்கு யாராவது வந்து பெயரைக் கேட்டால்கூட காலால் நிலத்தைக் கீறிக்கொண்டு நிற்பாள். கொஞ்சம் வளர்ந்து, எங்கள் ஊர் கப்பல்துறையிலிருந்து டவுனுக்குப் பஸ்ஸில் படிக்கப் போகத் தொடங்கினாள். சன நெரிசலைச் சாட்டி ஆம்பிளைகள் உரசிக்கொண்டு நிற்பார்களாம். இவள் ஒன்றும் சொல்வதில்லை. கூடப் போகிற பிள்ளையின் தாய் சொல்லித்தான் எனக்கே தெரிய வந்தது. "உனக்கு வாயில்லையோ? முறைச்சுப் பாக்கக்கூடத் தெரியாதோ?" என்று பேசித் தீர்த்தேன். அதற்கும் நிலத்தைத்தான் பார்த்தாள்.

அதற்குப் பிறகுதான் சனிக்கிழமைகளில் டவுனில், கோயில் மண்டபத்தில் நடக்கிற கராத்தே வகுப்பில் கொண்டுபோய்ச் சேர்த்தேன். அங்கே மாஸ்டர் முதலில் குத்தவோ உதைக்கவோ பழக்கவில்லை. இரண்டு இரண்டு பேராக எதிரெதிரே நிற்கவைத்து, கண்ணுக்குள் பார்க்கச் சொன்னார். யார் கண்ணை எடுக்கிறார்களோ அவர்கள் தோற்றார்கள். இதற்கா காசு கட்டுகிறோம் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முதல் நாள் அழுதுகொண்டே வந்தாள். அடுத்த சனி, போகமாட்டேன் என்றாள். இழுத்துக்கொண்டு போனேன். கொஞ்ச நாளில் தானாகவே போகத் தொடங்கினாள்.

ஒருநாள் நானும் அவளோடு பஸ்ஸில் நின்றேன். பின்னால் நின்ற ஒருவன் அவள்மேல் சாய்ந்தான். நான் வாயைத் திறக்க முதல் அவள் திரும்பினாள். அவனுடைய கண்ணைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அவன் அங்கால் பார்த்தான், இங்கால் பார்த்தான், அடுத்த ஹோல்ட்டில் இறங்கிப் போனான். நான் யன்னல் பக்கம் திரும்பி முகத்தைத் துடைத்துக்கொண்டேன். அவளுக்குக் கறுப்புப் பட்டி கிடைக்க அதற்குப் பிறகும் நாள் எடுத்தது. என் கணக்கில் அன்றைக்கே கிடைத்துவிட்டது.

எங்கள் பக்கத்தில் குரங்குத் தொல்லை இல்லாத வீடு கிடையாது. கூரைச் சீற்றை உடைக்கும், பப்பாசியைப் பழுக்க விடாது, குசினி யன்னல் திறந்திருந்தால் காலைச் சாப்பாட்டுக்கு வாங்கி வைத்த பாண் அதற்குத்தான். வெடி கொளுத்திப் பார்த்தோம். யாரோ சொன்னார்கள் என்று ஒரு புலிப் பொம்மை வாங்கி என் மனுசன் கூரையில் கட்டினார். அந்தக் கிழமையே குட்டிக் குரங்குகள் அதன்மேல் ஏறி விளையாடின. அந்தக் கூட்டத்தில் காது கிழிந்த ஒரு கடுவன். என்னுடைய சத்தத்துக்குப் பயப்படாத ஒரே சீவன் அதுதான்.

ஒரு ஞாயிறு மாதா கோயிலில் பூசை முடிந்து வந்து பார்த்தால், கொடியில் காயப்போட்ட மகளின் வெள்ளைக் கராத்தே உடுப்பைக் கடுவன் இழுத்தெடுத்து மதிலில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தது. நான் முற்றம் கூட்டுகிற தும்புத்தடியோடு ஓடினேன். அது பல்லைக் காட்டியது. மகள் வெளியே வந்தாள்.

"அம்மா, விலகுங்கோ."

மதிலுக்கு முன்னால் போய்க் காலை அகட்டி நின்றாள். கண்ணைப் பார்த்தாள். "இண்டைக்குத் தெரிஞ்சுபோம்" என்று என் மனுசன் வாசலில் தேத்தண்ணிக் கோப்பையோடு சிரித்தார். பஸ்ஸில் இறங்கிப் போனவனைப் போல அதுவும் இறங்கிப் போய்விடும் என்றுதான் நானும் நினைத்தேன். கடுவன் புருவத்தை உயர்த்தியது. வாயைத் திறந்தது. இவள் கண்ணை எடுக்கவில்லை. அது பாய்ந்தது.

மகளின் அடி பிழைக்கவில்லை. நெஞ்சில் சரியாக விழுந்ததை என் கண்ணால் பார்த்தேன். ஆனால் அடி விழுந்தால் விலகி நிற்கவேண்டும் என்று அதற்கு யார் படிப்பித்தது? அடித்த கையையே பிடித்துக் கடித்தது. கடித்துவிட்டுக் கூரையால் போய்விட்டது. என் மனுசனுக்குக் கோப்பையைக் கீழே வைக்கக்கூட நேரமிருக்கவில்லை. பெருவிரலுக்குக் கீழே தசை பிளந்து இரத்தம் ஓடியது. என்ர மாதாவே, நான் தும்புத்தடியைப் பிடித்தபடி நின்றேன்.

ஆஸ்பத்திரியில் காயத்தைச் சவர்க்காரம் போட்டு நெடுநேரம் கழுவினார்கள். விசர் வராமலிருக்கக் காயத்தைச் சுற்றி ஊசி போட்டார்கள், மிச்ச ஊசிகளுக்கு வரச்சொல்லித் திகதியும் எழுதித் தந்தார்கள். பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள், அழவில்லை. டொக்டர் நல்ல பிள்ளை, அன்பாகத்தான் கேட்டார்.

"தங்கச்சி, குரங்கின்ர கண்ணைப் பாத்தீங்களோ?"

"ஓம்."

"அதான். கண்ணைப் பாத்தா, சண்டைக்குக் கூப்பிடுறம் எண்டு அது நினைக்கும். இனி வந்தா தலையைக் குனியுங்கோ, திரும்பி ஓடாமல் மெல்ல மெல்லப் பின்னால போங்கோ. ஒண்டும் செய்யாது."

அவர் சொன்னதில் பிழையில்லை. ஆனாலும் எழும்பிப் போய் அந்த வாயைப் பொத்தவேண்டும் போல இருந்தது.

காயம் ஆறியது. சனிக்கிழமைகளில் தலையிடி, பரீட்சை, வயிற்றுக்குத்து என்று வகுப்புக்குப் போகாமலிருக்க ஒவ்வொரு சாட்டு. கடுவன் வழக்கம்போல வந்தது. அது வரும்போது மகள் முற்றத்தில் நின்றால் தலையைக் குனிந்து, ஒரு காலுக்குப் பின்னால் மற்றக் காலை வைத்து, குசினிக்குள் வந்துவிடுவாள். அதையும் நல்ல சுத்தமாகச் செய்தாள். ஒருநாள் தகப்பன் பழைய கேள்வியைக் கேட்டுப் பார்த்தார்.

"சிம்பன்சி எண்டா?"

"ஏலாது அப்பா," என்றாள், கோப்பைக்குள் பார்த்துக்கொண்டு.

அதற்குப் பிறகு அவர் கேட்கவில்லை. நான் பேசிப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன். மாஸ்டரை வீட்டுக்குக் கூப்பிட்டேன். அவர் கதிரையில் இருந்து, "குரங்கு வேற, மனுசன் வேற, பிள்ளை" என்று பொறுமையாகச் சொன்னார். "ஓம் மாஸ்டர்" என்று நிலத்துக்குச் சொன்னாள். பழைய பிள்ளை திரும்பி வந்து வீட்டுக்குள் இருக்கிறாள், என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

கடைசி ஊசிக்கு இரண்டு பேரும் பஸ்ஸில் போனோம். நல்ல சனம். நடுவயது ஆள் ஒருவன் அவள் பக்கம் சரிந்து சரிந்து வந்தான். நான் வாயைப் பொத்திக்கொண்டு காத்திருந்தேன். திரும்பிப் பார், பிள்ளை, ஒருக்காப் பார் என்று மனதுக்குள் மன்றாடினேன். அவள் தலையைக் குனிந்தாள். ஒரு காலுக்குப் பின்னால் மற்றக் காலை வைத்து, மெல்ல மெல்லப் பின்னால் நகர்ந்து என்னோடு ஒட்டிக்கொண்டாள்.

நான் அவனை முறைத்தேன். அவன் போனை எடுத்து அதற்குள் பார்க்கத் தொடங்கினான்.

"பிள்ளை, அவன் அங்கால திரும்பிட்டான். நிமிர்ந்து பார்," என்றேன்.

அவள் நிமிரவில்லை. "வேண்டாமம்மா," என்றாள் மெதுவாக. "பாக்காட்டி ஒண்டும் செய்யமாட்டினம்."