எனக்கு மலேரியா வந்த சனிக்கிழமை

உயிர்மருத்துவ விஞ்ஞானம் படிக்கத் தொடங்கிய முதல் வருஷத்தில் எனக்குச் சிறுநீரகக் கல் வந்தது. தைராய்டு வந்தது. இரண்டு வகை இரத்தச்சோகை வந்தது. ஒவ்வொன்றும் விரிவுரை நடந்த கிழமையில் வந்து, அடுத்த விரிவுரையோடு போய்விட்டது. கர்ப்பகால நீரிழிவு மட்டும் வரவில்லை. அன்றைக்கும் ஒரு தரம் யோசித்துப் பார்த்தேன்.

எனக்கு நாற்பத்தாறு வயது. கண்டியில் ஒரு தனியார் பரிசோதனைக்கூடத்தின் முன்மேசையில் இருந்துகொண்டு, வருகிறவர்களிடம் "வெறும் வயித்துலயா வந்தீங்க?" என்று கேட்பதுதான் இத்தனை வருஷமும் என் உத்தியோகம். உள்ளே போய் நுணுக்குக்காட்டியின் முன்னால் உட்கார வேண்டுமென்றால் பட்டம் வேண்டும். ஆகவே சனி ஞாயிறுகளில் என் ஊரான பன்விலையில் பஸ் ஏறி, என் பிள்ளைகளின் வயதில் உள்ளவர்களோடு வகுப்பில் இருக்கிறேன்.

குருதியியல் செய்முறைப் பரீட்சையில் ஏற்கெனவே ஒரு தரம் கோட்டை விட்டிருந்தேன். ஊசியைப் பார்த்ததும் மயங்கி விழுந்து, எழும்பும்போது நேரம் முடிந்திருந்தது. இது இரண்டாவது தரம். இதிலும் தவறினால் அந்த வருஷத்தை முழுதாகத் திரும்பப் படிக்க வேண்டும்.

வேலை இதுதான்: சொந்த இரத்தத்தில் ஒரு துளியைக் கண்ணாடித் துண்டில் இழுத்து, சாயமிட்டு, நுணுக்குக்காட்டியில் பார்த்து, கண்டதை வரைந்து எழுத வேண்டும். விரிவுரையாளர் பார்த்துக் கையெழுத்துப் போட்டால் பரீட்சையில் சித்தி. ஒருவர் விரலை மற்றவர் குத்திவிடலாம். எனக்குப் பக்கத்தில் அக்குறணையிலிருந்து வருகிற ஒரு பிள்ளை இருந்தாள்.

"அங்கிள், ஜன்னலால பாருங்க. பஸ்ஸொண்டு போற தெரியுதா?"

"எந்த பஸ்ஸும்மா?"

"அவ்ளோதான். குத்தியாச்சு."

கண்ணாடித் துண்டில் சாயத்தை ஊற்றிக் கொஞ்ச நேரம் வைத்தால், பால் ஆறும்போது ஆடை படிவதுபோல மேலே ஒரு மினுங்கும் படலம் மிதக்கும். துண்டைச் சரிக்காமல் மெல்லத் தண்ணீர் விட்டு, அந்தப் படலத்தை மிதக்கவிட்டே கழுவ வேண்டும். நானோ தேத்தண்ணிக் கோப்பையின் மண்டியை வாசலில் வீசுகிறவன் மாதிரிச் சரித்து ஊற்றிவிட்டுப் பிறகு கழுவினேன். அதனால் என்ன வந்துவிடப் போகிறது என்று நினைத்தேன்.

மலேரியா வந்தது.

நுணுக்குக்காட்டியில் கண்ணை வைத்தால், இரத்தச் செங்குழியங்களில் ஊதாப் புள்ளிகள். ஒன்றில் இரண்டு, அடுத்ததில் மூன்று. பாடப்புத்தகத்தில் உள்ள மலேரியாப் படம் அப்படியே. உடனே எனக்குக் குளிரத் தொடங்கியது. ஏசிக்கு நேர் கீழே இருக்கிறேன் என்பது அந்த நேரம் புத்தியில் ஏறவில்லை.

உயிரைவிட மானம்தான் பெரிதாக உறுத்தியது. இலங்கையில் மலேரியா ஒழிந்துவிட்டது என்று உலகமே சான்றிதழ் தந்திருக்கிறது. அதைக் கிழிக்கப் போகிறவன் நான். எங்கே தொற்றியது என்றும் கண்டுபிடித்துவிட்டேன். போன மாதம் மச்சானை ஏற்றிவிட விமான நிலையத்துக்குப் போனபோது கழுத்தில் ஒரு நுளம்பு கடித்தது. அது நம் நாட்டு நுளம்பு மாதிரி இருக்கவில்லை. பறப்பிலேயே ஒரு திமிர்.

தண்ணீர் குடிக்க அனுமதி கேட்டு வெளியே வந்து, பையிலிருந்த போனை எடுத்து மனைவியை அழைத்தேன்.

"எனக்கு மலேரியா."

"போன மாசம் கிட்னியில கல்லுன்னீங்க."

"இது என் கண்ணாலயே பார்த்தேன்."

"பார்த்தீங்கள்ல? சரி, வரும்போது ஒரு தேங்கா வாங்கிட்டு வாங்க."

திரும்பி வந்தபோது அக்குறணைப் பிள்ளை என் நுணுக்குக்காட்டிக்குள் குனிந்திருந்தாள்.

"அல்லாவே! என்னா அங்கிள் இது, முழுக்கப் புள்ளியா ஈக்கி!" என்று கதிரையைப் பின்னால் இழுத்தாள். "எனக்கும் தொத்துமா?"

"நுளம்பு கடிச்சாத்தான் தொத்தும்."

"அப்ப நுளம்பு வர முந்தி மிஸ்ஸக் கூப்பிடுங்க."

அறிக்கையில் எழுதினேன்: 'மலேரியா ஒட்டுண்ணிகள் உண்டு. மிக அதிகம்.' கீழே, கேட்காத ஒரு குறிப்பையும் சேர்த்தேன்: 'நோயாளி இப்போது சுயநினைவுடன் இருக்கிறார்.'

விரிவுரையாளர் யாழ்ப்பாணத்துக்காரி. என்னைவிடப் பத்து வயது இளையவர், சிரிப்பை இலேசில் செலவழிக்காதவர். அறிக்கையை இரண்டு தரம் வாசித்தார்.

"ஆர் இந்த நோயாளி?"

"நான்தான் மிஸ்."

"காய்ச்சல் இருக்கோ?"

"இப்ப வந்துக்கிட்டிருக்கு மிஸ்."

"காலமை சாப்பிட்டனீங்களோ?"

"பசியே இல்ல மிஸ். ரெண்டு ரோல்ஸும் ஒரு பனிஸும்தான்."

அவர் குனிந்து பார்த்தார். தெளிவைச் சரிசெய்யும் திருகியை மெல்ல முன்னும் பின்னும் திருப்பினார்.

"இஞ்ச வந்து பாருங்கோ. குழியம் தெளிவா இருக்கேக்க புள்ளி மங்குது. புள்ளி தெளியேக்க குழியம் மங்குது. அப்ப புள்ளி குழியத்துக்குள்ள இல்லை, மேல கிடக்கு. இஞ்சால பாருங்கோ, வெறும் கண்ணாடியிலயும் கிடக்கு. கண்ணாடிக்கும் மலேரியாவோ?"

குனிந்து பார்த்தேன், கண்ணாடிக்கும் இருந்தது.

"சாயத்தைச் சரிச்சு ஊத்தினனீங்கள், என்ன?"

"லேசாத்தான் மிஸ்."

"இது சாயத்தின்ர மண்டி. இன்னும் இருபத்தைஞ்சு நிமிசம் கிடக்கு. முதலில இருந்து செய்யுங்கோ."

அக்குறணைப் பிள்ளை கையெழுத்து வாங்கி வெளியே போய்விட்டாள். குத்திவிட ஆளில்லை. ஊசியை எடுத்து, கண்ணை மூடி, குத்தினேன். மேசையில் குத்தியிருந்தது. இன்னொரு ஊசி எடுத்து, ஒரு கண்ணை மட்டும் மூடிக் குத்தினேன். விரல்தான். நான் போட்ட சத்தத்துக்கு முன்வரிசை முழுவதும் திரும்பிப் பார்த்தது. ஆனால் மயங்கவில்லை. சாயத்தைக் கழுவும்போது கண்ணாடித் துண்டை, தூங்குகிற குழந்தையைப் போலக் கிடையாகவே வைத்திருந்தேன்.

இந்த முறை குழியங்கள் சுத்தமாக இருந்தன. கண்டதையெல்லாம் வரைந்தேன். செம்மஞ்சள் மணிகள் நிறைந்து, மூக்குக்கண்ணாடி போட்டதுபோல இரட்டைக் கருவோடு சில வெண்குழியங்கள் தெரிந்தன. பார்க்க வடிவாக இருந்ததால் அவற்றில் ஆறையும் வரைந்தேன்.

மிஸ் நுணுக்குக்காட்டியில் குனிந்து பார்த்தார். என் படத்தையும் பார்த்தார். கையெழுத்துப் போட்டார்.

"சித்தி. கண்டதைக் கண்டபடி வரைஞ்சிருக்கிறியள், அதுக்குத்தான்."

"மிஸ், அப்ப எனக்கு ஒன்னும் இல்லதானே?"

"மலேரியா இல்லை." பேனாவால் அந்த ஆறு வெண்குழியங்களையும் தட்டினார். "ஆனா இது உங்களுக்குக் கொஞ்சம் கூட. இது கூடினா வயித்துக்குள்ள என்ன இருக்கக்கூடுமெண்டு படிச்சனீங்கள்தானே? எதுக்கும் ஒரு பூச்சிக் குளிசை போடுங்கோ."

வெளியே அக்குறணைப் பிள்ளை காத்திருந்தாள்.

"பாஸா அங்கிள்?"

"பாஸ்!"

"மலேரியா?"

"இல்ல. வயித்துல பூச்சியாம்."

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். வருஷம் தப்பியதே, இனி எந்தப் பூச்சி எனக்கு ஒரு பொருட்டு? இந்த வீரம் வீட்டுக்குப் போகும் வழியில் வத்தேகம வரைக்கும் நின்றது. அங்கே பஸ் ஒரு பள்ளத்தில் விழுந்து எழும்பியபோது, வயிற்றுக்குள் ஏதோ ஒன்று திரும்பிப் படுப்பது எனக்குத் தெளிவாகவே தெரிந்தது.