அக்காவின் குலவையும் என் மடிப்பிச்சையும்

என் அக்கா செல்வியின் குலவையைக் கேட்காதவர்கள் நம் அம்மன் கோயிலின் பழைய ஆட்களில் இருக்க மாட்டார்கள். கரகம் தெருமுனையில் திரும்பும்போதே அவள் குலவை கோயில் வாசலுக்குக் கேட்கும். ஒரு வருஷத் திருவிழாவில் அது நின்றுபோனது. இங்கே கொச்சியில், மட்டாஞ்சேரி பஜாரில், சுக்குக் குடோனில் வருஷக்கணக்காக அவள் சலித்த தூசி நெஞ்சில் இறங்கிவிட்டது. நாலு படி ஏறினால் மூச்சு வாங்கும். மருந்தெல்லாம் அப்புறம், முதலில் அந்தக் குடோனை விடு என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

நான் விட வைத்தேன். 2003-ல் நான் பள்ளுருத்தியில் ஒரு டி.டி.பி. கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். கம்ப்யூட்டர் பழக்கம் அப்படி வந்ததுதான். அக்காவுக்குக் கைப்பக்குவம் உண்டு. மீன்குழம்பு மசாலாவும் ரசப்பொடியும் அவள் வறுத்து அரைத்தாள், நான் விற்றேன். எங்கே விற்றேன் என்றால், இன்டர்நெட்டில். அப்போது பெரிதாகப் பேசப்பட்ட ஒரு விற்பனைத் தளத்தில் 'செல்வி மசாலா' என்று ஒரு பக்கம் போட்டேன்.

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு யாரிடமும் போய் நின்று கேட்பது ஆகாது. பிறவிக் குணம். கடை கடையாக ஏறி, எங்கள் பொடியை வைத்துப் பாருங்கள் சேட்டா என்று சொல்ல என் நாக்கு வளையாது. முகம் பார்க்காமல் விற்கலாம் என்றதும் இன்டர்நெட்டை எனக்காகவே கண்டுபிடித்தது போலிருந்தது. பூனாவிலிருந்தும் டில்லியிலிருந்தும் ஆர்டர் வந்தது. பணம் மணியார்டரில் வரும், பொடி பார்சலில் போகும். அக்காவின் இருமல் மெல்லக் குறைந்தது. நானும் கொஞ்சம் தலைக்கனத்தோடுதான் நடந்தேன்.

2005 தை மாதம் அந்தத் தளத்துக்காரர்கள் எல்லாவற்றையும் மாற்றினார்கள். பெரிய கம்பெனிகள் முன்னால் வந்தன. எங்களைப் போன்றவர்களின் பக்கம் பின்னால் போனது, பிறகு காணாமலே போனது. எழுதிக் கேட்டேன். மிஷின் எழுதிய பதில்தான் வந்தது. ஆர்டர் நின்றது. வாடகை வீட்டுக்கு வெள்ளையடித்து, வாசலில் கோலமும் போட்டு, சொந்த வீடு என்று நினைத்துக்கொண்டு இருந்த கதைதான் என் கதை.

ஒருநாள் வேலை விட்டு வந்தபோது கொடியில் ஒரு பழைய துணி காய்ந்துகொண்டிருந்தது. குடோனில் மூக்கை மறைத்துக் கட்டுகிற துணி. குடோனுக்கு ஆள் சேர்க்கிற மூப்பன் சொல்லி அனுப்பியிருக்கிறான், பங்குனித் திருவிழா கொடி இறங்கியதும் வருகிறேன் என்று இவளும் சொல்லியிருக்கிறாள். அந்தத் தூசிக்குள் மறுபடி போனால் அவள் திரும்பி வரமாட்டாள் என்று தெரியும். அவளுக்கும் தெரியும்.

நேரே கோயிலுக்குப் போனேன். கும்பிடப் போகவில்லை, சண்டை போடப் போனேன். தாயே, உனக்குக் குலவையிட்ட வாய் அது, அதை அடைத்துவிட்டு நீ யார் குலவையைக் கேட்கப் போகிறாய் என்று அழுதேன். அழுகையோடு அழுகையாக வாயில் வந்துவிட்டது: ஒரு வழி காட்டு, மடிப்பிச்சை எடுத்து உன் கஞ்சிக்கு அரிசி கொண்டுவருகிறேன். சொன்ன பிறகுதான் உறைத்தது. கடை வாசலில் நிற்கவே கூசுகிறவள் நான், வீடு வீடாகப் போய் முந்தானையை ஏந்தப் போகிறேனாம். அம்மன் சிரித்திருப்பாள்.

வீட்டுக்கு வந்து தப்பிக்க வழி பார்த்தேன். எனக்குப் பதிலாக நம் சித்தி மருமகளை அனுப்பினால் ஆகாதா என்று அக்காவிடம் கேட்டேன். அவள் மிளகு புடைத்துக்கொண்டே சொன்னாள்:

"நேர்ந்தது நீ. மடி உன்னுது. வேற ஆள் ஏந்தினா அது அவளுக்குள்ள பிச்சையாக்கும், லெச்சுமி."

பங்குனி வந்தது. வழி இன்னும் தெரியவில்லை, ஆனாலும் நேர்ந்தது நேர்ந்ததுதான். மஞ்சள் சேலை கட்டி, இடுப்பில் வேப்பிலை செருகிக்கொண்டு இறங்கினேன். அக்காவும் கூட வந்தாள், நின்று நின்று, மூச்சு பிடித்து. நம் வழக்கம் உங்களுக்குத் தெரியும். தெருவில் இறங்கிவிட்டால் இந்த வீடு வேண்டும், அந்த வீடு வேண்டாம் என்று பொறுக்கக்கூடாது. இந்து வீடு, கிறிஸ்தவர் வீடு, ஹாஜியார் வீடு எல்லாம் ஒன்றுதான். முதல் வீட்டில் நான் தலையே நிமிரவில்லை. போகப் போகக் கூச்சம் குறைந்தது. அரிசி விழ விழ மடி கனத்தது.

அப்படித்தான் மேரிச் சேச்சி வீட்டு வாசலில் நின்றேன். மூன்று தெரு தள்ளி இருப்பவர். பார்த்தால் சிரிப்போம், அவ்வளவுதான். நாழி நிறைய அரிசி கொண்டுவந்து மடியில் போட்டுவிட்டு, "மோளே, நிங்ஙடெ கட பூட்டியோ?" என்றார். கடையை மூடவில்லையே சேச்சி என்றேன்.

அவர் மகள் பூனாவில் நர்ஸ். ஹாஸ்டலில் அவளும் கூட இருக்கிற பெண்களும் எங்கள் மீன் மசாலாவைத்தான் வாங்கிக்கொண்டிருந்தார்களாம். தளத்தில் தேடித் தேடிப் பார்த்தார்களாம். எங்கள் பெயர் இருந்த இடத்தில் வேறு எதுவோ இருந்ததாம். அதை வாங்கி, வாயில் வைக்க முடியாமல் கொட்டிவிட்டார்களாம். செல்வி மசாலாக்காரர்கள் கடையை மூடிவிட்டார்கள் என்று மகள் போனில் வருத்தப்பட்டாளாம், பெயரை வைத்து அது நாங்கள்தான் என்று சேச்சி ஊகித்திருக்கிறார். சேச்சிக்கு என்மேல் கோபமே வந்துவிட்டது.

"மூணு தெரு அல்லே உள்ளூ? ஒரு வாக்கு என்னோடு பறயாமாயிருந்நல்லோ."

ஒரு வார்த்தை என்னிடம் சொல்லியிருக்கலாமே என்கிறார். வாங்கியவர்கள் என்னை விட்டுப் போகவில்லை, தேடியிருக்கிறார்கள். இன்ன இடத்தில் இருக்கிறேன் என்று நான்தான் ஒருவரிடமும் சொல்லவில்லை. என் மடியைத் தளத்துக்காரர்கள் என்கிற வேறு ஆளிடம் ஏந்தக் கொடுத்துவிட்டு அரிசி விழவில்லையே என்று அழுதுகொண்டிருந்திருக்கிறேன். அன்று பேசியது மேரிச் சேச்சி இல்லை, நம் தாய்தான் என்று நான் இன்றைக்கும் நம்புகிறேன். அவள் யார் வாயால் பேசுவாள் என்று நாம் சொல்ல முடியுமா?

சேச்சி அன்றே மகளுக்குப் போன் செய்தார். கொடி இறங்கும் முன்பே என் சொந்த மெயிலுக்கு ஹாஸ்டல் பெண்களின் ஆர்டர் வந்துவிட்டது. ஓடிவந்து அக்காவிடம் சொன்னேன். அவள் அந்த மூக்குத் துணியை எடுத்து மிக்ஸியைத் துடைத்தாள். இரண்டு பேரும் அழுதோம்.

அப்புறம்தான் வேலையே ஆரம்பம். மணியார்டரோடு வரும் துண்டுச் சீட்டில் அனுப்பியவர் விலாசம் இருக்கும் அல்லவா, அவற்றை அக்கா எறியாமல் வைத்திருந்தாள். ஒவ்வொருவருக்கும் தபால் கார்டு போட்டேன். கடை மூடவில்லை, இனிமேல் எங்களுக்குச் சொந்தமாக ஒரு சைட் உண்டு, பிடித்திருந்தால் உங்களுக்குத் தெரிந்த ஒருவரிடம் சொல்லுங்கள் என்று எழுதினேன். கேட்கவே கேட்காதவள், ஊர் ஊராகக் கேட்டேன். சைட்டை நானே உருவாக்கினேன், பார்க்க அழகாக இல்லை. ஆனால் பெயர் எங்களுடையது. வாங்குகிறவர்களின் மெயில் விலாசத்தைக் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டேன். மாதம் ஒருமுறை எல்லாருக்கும் எழுதுவேன். பஜாரில் புது மிளகு இறங்கியிருக்கிறது, இந்த மாதம் ஏலக்காய் மோசம், வாங்காதீர்கள் என்றுகூட எழுதியிருக்கிறேன். அதைப் படித்துவிட்டு ஆர்டர் கூடியது, என்ன சொல்ல!

பிறகு பழைய தளத்துக்காரர்களே கூப்பிட்டார்கள். வரட்டும் என்று ஒரு பக்கம் போட்டு வைத்தேன். அது ஒரு திண்ணைக்கடை மாதிரி. இருந்தாலும் சரி, போனாலும் சரி, அடுப்பு அதை நம்பி எரியவில்லை.

குடோன் துணியும் கிழிந்து போயே போய்விட்டது. அடுத்த பங்குனியில் கரகம் தெருமுனையில் திரும்பியபோது நான் கூட்டத்துக்குள் பின்னால் நின்றிருந்தேன். முன்னாலிருந்து ஒரு குலவை கிளம்பியது. முதலில் கொஞ்சம் தயங்கியது, பிறகு நீண்டது, நீண்டுகொண்டே போனது. மேரிச் சேச்சி வீட்டு மாடியிலிருந்து யாரோ எட்டிப் பார்த்தார்கள்.

உங்களில் யாராவது மூடின கதவைப் பார்த்து உட்கார்ந்திருந்தால், தாயிடம் போய்ச் சண்டை போட்டாவது கேளுங்கள். அவள் தெருவில் இறங்கச் சொன்னால் கூசாமல் இறங்குங்கள், மடியை மட்டும் வேறு ஆளிடம் கொடுக்காதீர்கள். இந்தப் பங்குனிக்கும் அக்கா கரகத்துக்கு முன்னால்தான் நிற்பாள். நான் சொன்னதில் சந்தேகம் இருந்தால் வந்து காதால் கேட்டுவிட்டுப் போங்கள்.