என் சட்டையில் பாவுலோ

கோல் காப்பது என்பது மற்ற நாலு பேர் விட்ட பிழைக்கு நான் ஏச்சு வாங்குகிற உத்தியோகம். புது நாட்டில் புது வேலைக்குப் போய், எல்லாரும் சிரிக்கும்போது ஏனென்று விளங்காமலே சிரித்து வைத்தவர்களே, இது உங்களுக்காக.

பெயர் தந்த வேலை

தொண்ணூறுகளில், ரொறன்ரோவின் ஒரு போர்த்துக்கீசக் கழகம் ஃபுட்சாலுக்கு, அதாவது பக்கத்துக்கு ஐந்து பேர் மண்டபத்துக்குள் ஆடும் பந்தாட்டத்துக்கு, கோல்கீப்பர் தேடியது. போனில் என் பெயரைச் சொன்னேன்: மிகேல் குரூஸ். போர்த்துக்கீசர் எங்கள் கரையில் விட்டுப்போன பெயர்; மன்னாரில் எங்கள் தெருவில் பாதிப்பேர் குரூஸ்தான். தங்கள் ஆள் என்று நினைத்து, பயிற்சியாளர் மனுவேல் உடனே வரச் சொன்னார். போனதும் என் முகத்தைப் பார்த்தார், கையிலிருந்த பெயரைப் பார்த்தார், பிறகு தன் மொழியில் ஏதோ நீளமாகக் கேட்டார். நான் தலையாட்டினேன். குளிர்காலம் முடியும்வரை சம்பளம், பிறகு பார்ப்போம் என்று சேர்த்துக்கொண்டார்.

ஸ்காபரோவில் என்னோடு அறையில் இருந்த யாழ்ப்பாணத்துச் சிவா அண்ணைக்கு இது பொறுக்கவில்லை. "அந்தக் காலத்திலை எங்கடை ராச்சியத்தைப் பிடிச்ச போர்த்துக்கீசருக்கு நீ கோல் காக்கப் போறியோ?"

காற்றடித்த பந்து

ஃபுட்சால் பந்து துள்ளவே துள்ளாது. காற்றுப் போய்விட்டது என்று நினைத்து, நல்ல பெயர் எடுக்கலாமென்று, பயிற்சிக்கு முதல் எல்லாப் பந்துக்கும் சைக்கிள் பம்பால் அடித்து வைத்தேன். எங்கள் அணியில் பாவுலோ என்று ஒருவன். லிஸ்பனில் வருடக்கணக்காக இதையே ஆடிச் சாப்பிட்டவன், கலியாணம் கட்டி இங்கே வந்து சேர்ந்தவன். பந்தைக் காலடியில் நிறுத்தப் போனான். அது எழும்பி மூக்கில் அடித்தது. யார் காற்றடித்தது என்று கேட்டார்கள். நான் பெருமையாகக் கையைத் தூக்கினேன்.

பாவுலோ மூக்கைப் பொத்திக்கொண்டு தன் உடைந்த ஆங்கிலத்தில் கத்தியதை நம் தமிழில் தருகிறேன்: "உது துள்ளாமல் இருக்கிறதுக்கெண்டே ஒரு பக்டறி வேலை செய்யுதடா!"

கூரைக்குப் போன பந்து

ஊரில் கோல்கீப்பர் என்றால் பந்தை வானத்துக்கு அடிக்க வேண்டும். முதல் ஆட்டத்தில் அப்படியே அடித்தேன். கூரையில் பட்டது, சட்டப்படி பந்து எதிரணிக்குப் போனது. மனுவேல் அண்ணாந்து பார்த்துக்கொண்டே கேட்டார்: "மேலை உனக்கு ஆரும் நிக்கினமோ?"

கழற்றச் சொன்ன சட்டை

கடைசி ஆட்டம். ஒரு கோல் பின்னால் நிற்கிறோம், முடியப் போகிறது. மனுவேல் என்னை வெளியே அழைத்து, சட்டையைக் கழற்று என்று சைகை காட்டினார். கழற்றினேன். பாவுலோ அதை மாட்டிக்கொண்டு உள்ளே ஓடினான். என்னை நிறுத்திவிட்டார்கள் என்று நினைத்தேன். பகல் வேலையில் நான் வெறும் "ஏய்". இந்த நாட்டில் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட ஒரே இடம் அந்த மண்டபம். அதுவும் போயிற்று என்று ஜக்கெற்றைப் போட்டுக்கொண்டு பஸ் தரிப்பில் போய் நின்றேன்.

பனிக்குள் அரைக்காற்சட்டையோடு பாவுலோ ஓடி வந்தான். தோற்கும் நேரத்தில் கோல்கீப்பரின் நிறச் சட்டையை ஓர் ஆட்டக்காரனுக்குப் போட்டு, ஐந்து பேருமாக ஏறி அடிப்பது இந்த ஆட்டத்தில் வழக்கமாம். அப்படித்தான் சமன் செய்திருந்தார்கள். வெற்றி தோல்வியைத் தீர்க்க இனிப் பெனால்ரி, கோலில் நிற்க நான் வேண்டுமாம். அந்த நேரம் பார்த்து பஸ்ஸும் வந்து நின்றது. எந்தப் பக்கம் போவதென்று எனக்கு ஒரு கணம் விளங்கவில்லை.

பாவுலோ சட்டையை என் ஜக்கெற்றுக்கு மேலேயே திணித்தான்: "நாங்கள் சட்டையைத்தானேடா கேட்டனாங்கள், உன்னை ஆர் போகச் சொன்னது?"

கடைசிப் பெனால்ரிக்கு எந்தப் பக்கம் பாய்வதென்று தெரியாமல் நான் நடுவிலேயே நிற்க, பந்து நேரே என் வயிற்றில் வந்து விழுந்தது, வென்றுவிட்டோம். குழம்பி நின்றதற்காக அடுத்த குளிர்காலத்துக்கும் வேலை கிடைத்த ஒரே மனிதன் நானாகத்தான் இருக்கும்.