மூன்று நாள் மனவலிமை

பிள்ளைகளுக்குத் தைரியம் கற்றுத்தரும் வேலைக்கு முதலில் வேண்டியது தைரியம் இல்லை, நல்ல மைக். ஆலங்காயம் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் அந்த மைக்கை நீட்டுவதும் வருகைத் தாளில் கையெழுத்து வாங்குவதும் என் வேலை. என் இரண்டு வயது மகனுக்குச் சோறு ஊட்டுவதைவிட இது சுலபம் என்று நம்பித்தான் சேர்ந்தேன். இப்படிப்பட்ட வகுப்புகளில் உட்கார்ந்து இடுப்பு நொந்தவர்களே, உங்களுக்குத்தான் இது. மூன்று நாள் ‘நேர்மறைச் சிந்தனை’ப் பயிற்சி, தேறினால்தான் ஹால்டிக்கெட் என்று சொல்லிவிட்டார்கள்.

சொல்லக்கூடாத சொல்

முதல் நாளே பயிற்சியாளர் சார் சட்டம் போட்டார். இல்லை, முடியாது, தெரியாது என்று யாரும் சொல்லக்கூடாது. சொன்னால் பத்து முறை கைதட்ட வேண்டும். பிள்ளைகள் உஷாராகி, கேட்டதற்கெல்லாம் தலையை மட்டும் ஆட்டினார்கள். பதினோரு மணிக்குக் கரண்ட் போனது. சார் என்னிடம், “ஜெனரேட்டர் இல்லையா?” என்றார். கடைசி பெஞ்சிலிருந்து குரல் வந்தது: “தட்டுங்க சார், நாங்க எண்ணுறோம்.”

பலூன்

மறுநாள் ஆளுக்கொரு பலூன். பயத்தை அதன்மேல் எழுதி உடைத்தால் பயம் ஒழிந்துவிடுமாம். மலைமேலிருந்து வரும் மல்லிகா ‘கணக்கு அரியர்’ என்று எழுதினாள். இந்த முறையும் அதை முடிக்காவிட்டால் வீட்டில் படிப்பை நிறுத்திக் கல்யாணம் பேசிவிடுவார்கள். படீரென்று உடைத்தாள். “இப்ப எப்படி இருக்கு?” என்றார் சார்.

“அரியர் அப்டியேதான் கீது சார். பலூன்தான் போச்சி.”

ஒரே கேள்வி

கடைசி நாள் தேர்வு: ‘இந்த வாரம் நீங்கள் வென்ற சவால் என்ன?’ செல்போன் ஒரு நாள் ரிப்பேரான கதையை ஒரு பையன் இரண்டு பக்கம் எழுதி முழு மார்க் வாங்கினான். மல்லிகா ‘ஒன்றும் நடக்கவில்லை’ என்று எழுதியிருந்தாள். சார் சிவப்பில் சுழித்து ‘தேறவில்லை’ என்று போட்டார். அவள் முகம் செத்துப்போனது.

எனக்குப் பொறுக்கவில்லை. “சார், காலைல மலையிலேர்ந்து பஸ் வரல. இந்தப் பொண்ணு ரெண்டு மணி நேரம் நடந்து எறங்கி, ஒம்போதுக்கெல்லாம் இங்க உக்காந்துடுச்சி. கார்ல வந்த நீங்கதான் லேட்டு” என்றேன்.

சார் மறுபடி பேனாவை எடுத்தார். சிவப்பை அடித்து, ‘தேர்ச்சி’ என்று எழுதினார். “ஏம்மா, இத எழுதியிருக்கலாமே?” என்றார்.

மல்லிகா தாளை வெடுக்கென்று வாங்கிக்கொண்டாள். “நடந்து வந்ததெல்லாமா சார் பரிட்சையில எழுதுவாங்க?”

அந்தப் பயிற்சியால் மனவலிமை கூடியது எனக்குத் தெரிந்து ஒருத்திக்குத்தான், அதுவும் சம்பளத்துக்கு மைக் நீட்டியவளுக்கு.