நாற்பத்தேழு ப.வ.

நெற்றியில் கை வைக்கமாட்டார், நாக்கை நீட்டச் சொல்லமாட்டார். வாசலில் பிள்ளையின் தலை தெரிந்ததுமே, கையிலிருக்கும் பஞ்சைப் பிய்த்தபடி அவர் கேட்கிற முதல் கேள்வி ஒன்றுதான்: "காலைல என்ன சாப்ட்டே?" சட்டென்று பதில் சொல்கிற பிள்ளை சாப்பிட்ட பிள்ளை. கூரையைப் பார்த்து யோசிக்கிற பிள்ளைக்கு நாற்காலி கிடைக்கும்.

பள்ளியின் நல அறையில் பதினாறு வருடமாக உதவியாளர். நர்ஸ் என்று சொல்ல முடியாது, ஆயா என்று சொன்னால் கோபம் வரும். பிள்ளைகள் வைத்த பெயர் பஞ்சக்கா. சொந்தப் பெயர் என்று ஒன்று இருக்கத்தான் வேண்டும். வருகைப் பதிவேட்டைத் தாண்டி அது வெளியே வந்து நான் பார்த்ததில்லை.

"நிஜ வலி தனியா வரும். பொய் வலி ஃப்ரெண்டோட வரும்" என்பது பஞ்சக்காவின் வைத்திய சாஸ்திரம். கணக்குப் பரீட்சை அன்று தோழிகள் இருவர் தாங்கிப் பிடிக்க, என் மகள் நொண்டிக்கொண்டே நல அறைக்குப் போயிருக்கிறாள். பாதி வழியில் கால் மாற்றி நொண்டியதை பஞ்சக்கா ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டார். திட்டவில்லை. ஒரு பஞ்சுத் துண்டை அவள் உள்ளங்கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிவிட்டு, "கெட்டியாப் பிடிச்சுக்கோ கண்ணு. க்ளாஸுக்குப் போறதுக்குள்ள வலி ஓடிப்போயிடும்" என்று அனுப்பிவைத்தாராம். கையில் பஞ்சோடு திரும்புகிறவரைப் பார்த்தால் அந்தப் பள்ளியில் வராந்தாவே சிரிக்கும். பொய்க்கு அங்கே அதுதான் மருந்து.

அவருடைய வெள்ளைக் கோட்டுக்கு இரண்டு பக்கமும் முழங்கால் வரை இறங்கும் பைகள். வீட்டுக்காரர் தையல்காரர். "பை வைச்சுக் குடுய்யான்னா மனுஷன் சாக்கு வைச்சுக் குடுத்திருக்கார்" என்று அலுத்துக்கொள்வார். ஆனால் அந்தச் சாக்குகள் காலியாக இருந்து நான் பார்த்ததில்லை. வலப்பக்கம் பஞ்சு. இடப்பக்கம் என்ன என்பது தெரிய எனக்கு ஒரு வருடம் ஆனது.

மகளுக்கு நிஜமாகவே கணுக்கால் பிசகிய ஒரு நாள் அழைத்துவரப் போயிருந்தேன். மணி பதினொன்று. ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி ஓசையில்லாமல் வந்து நின்றாள். அவள் நடப்பதே தெரியாது என்பதால் பஞ்சக்கா அவளுக்கு வைத்த பெயர் பூனை.

"என்ன பூனை?"

"வயித்துவலிக்கா."

"உக்காரு. தண்ணி குடி."

கேள்வியே இல்லை. இடப்பக்கப் பையிலிருந்து நான்கு பிஸ்கட் வந்தது. பூனை சாப்பிட்டது; வயிற்றுவலி போனது; பூனையும் போனது. பஞ்சக்கா பதிவேட்டைத் திறந்து, நோய் என்ற கட்டத்தில் 'ப.வ.' என்று எழுதினார்.

"அப்படின்னா?"

"பசி வலி."

"முழுசா எழுதக்கூடாதா?"

"ஒரு தடவை எழுதினேன் சார். இவளுக்குத்தான். பிரின்சிபல் சார் அவ அம்மாவைக் கூப்பிட்டு, காலை உணவின் அவசியம்னு முக்கால் மணி நேரம் பேசினார். அந்தம்மா ஆஸ்பத்திரியில துணி வெளுக்கிறவங்க. அஞ்சு மணிக்கே ஷிஃப்டுக்குக் கிளம்பணும். அவசியம் தெரியாமலா பிள்ளையைப் பட்டினி போடறாங்க? அதுக்கப்புறம் அம்மா மானம் போயிடுமேன்னு இது இங்க வர்றதையே நிறுத்திடுச்சு. பத்தாம் நாள் பிரேயர்ல மயங்கி விழுந்து மூணு தையல்." பேனாவை மூடினார். "அதுலேர்ந்து ரெண்டு எழுத்து போதும்னு விட்டுட்டேன்."

பஸ் ஆறே முக்காலுக்கு வந்துவிடுகிற ஊரில், காலியான வயிறு பூனையுடையது மட்டுமல்ல. பதினொரு மணிக்கு வரும் கூட்டத்தில் வசதியான வீட்டுப் பிள்ளைகளும் உண்டு. பசி வந்தால் பத்தும் பறந்துபோகும் என்பார்கள். அங்கே பறந்துபோனது முதல் இரண்டு பாடவேளைகள்.

பிஸ்கட் எங்கிருந்து வருகிறது என்று கேட்டேன். பஞ்சக்கா சிரித்துவிட்டார். "உங்க கூட்டத்துலேர்ந்துதான் சார்."

இங்கே என் வண்டவாளத்தையும் சொல்லிவிட வேண்டும். அந்தப் பள்ளியின் மாணவர் நலக்குழுவில் நான் பெற்றோர் பிரதிநிதி. கூட்டத்துக்குத் தாமதமாகப் போனதால் ஏகமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டேன். 'ஆரோக்கியப் பள்ளி' என்ற பித்தளைப் பலகையை வாசலில் மாட்டிவிட வேண்டும் என்பது பிரின்சிபலின் கனவு. அதற்காக நாங்கள் வாரத்துக்கு இரண்டு தடவை கூடி, பாக்கெட் தின்பண்டங்களைப் பள்ளிக்குள் தடை செய்வது பற்றிப் பாக்கெட் பிஸ்கட் தின்றுகொண்டே பேசினோம். தட்டில் மிஞ்சியதை எடுத்துப்போக பஞ்சக்கா கதவோரம் காத்திருப்பார். "சீக்கிரம் சீக்கிரம் மீட்டிங் போடுங்க சார், பிள்ளைங்க உடம்பு தேறுது" என்று ஒருமுறை சொன்னார். பிரின்சிபல் அதைப் பாராட்டு என்று நினைத்து நடவடிக்கைக் குறிப்பில் சேர்த்துக்கொண்டார்.

தடையும் வந்தது, நல வாரமும் வந்தது. தண்ணீர் வராத குழாய்க்கு மேலே 'நிறையத் தண்ணீர் குடிப்போம்' என்று சுவரொட்டி ஒட்டினார்கள். விளையாட்டு வேளையை எடுத்துக்கொண்டு, உட்கார்ந்தே இருப்பதன் கேடுகளைப் பற்றி ஒன்றரை மணி நேரம் பிள்ளைகளை உட்காரவைத்துச் சொன்னார்கள். நல அறைக் கட்டிலுக்குப் புது விரிப்பு போட்டு, கசங்காமல் இருப்பதற்காக யாரும் அதில் படுக்கக்கூடாது என்று உத்தரவு. "நல்லவேளை, பேஷண்ட் யாரும் வரக்கூடாதுன்னு சொல்லாம விட்டாங்க" என்றார் பஞ்சக்கா. மறுநாள் அதையும் சொன்னார்கள்.

ஆய்வுக்கு வந்த அதிகாரி கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, நல அறைப் பதிவேட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். நானும் பிரின்சிபலும் பின்னால் நின்றோம். என் கையில் தேநீரும் பிஸ்கட்டும்.

"இது என்ன ப.வ.? ஒரே மாசத்துல நாப்பத்தேழு இருக்கே?"

பஞ்சக்காவின் கை இடப்பக்கப் பையின் வாயைப் பொத்திக்கொண்டது. பசி என்று சொன்னால் அந்தப் பிள்ளைகளின் அம்மாக்கள் அத்தனை பேருக்கும் அழைப்பு போகும். தடை செய்த பண்டத்தைப் பள்ளிக்குள் வைத்திருந்ததற்குப் பதினாறு வருட வேலையும் போகும்.

ப.வ. என்றால் என்னவென்று பிரின்சிபலுக்குத் தெரியாது. ஆனால் தெரியாது என்று சொல்லிப் பழக்கமில்லாதவர். "பரீட்சை வயித்துவலி மேடம்" என்றார் கம்பீரமாக. "பசங்களுக்கு ஸ்ட்ரெஸ். நாங்க கூர்ந்து கவனிச்சுட்டு வர்றோம்."

அதிகாரி பஞ்சக்காவைப் பார்த்தார். "அப்படியாம்மா?"

பஞ்சக்கா என்னைப் பார்த்தார். அந்த அறையில் உண்மை தெரிந்த இன்னொரு ஆள் நான்தான். வேலை போகிற பயமும் எனக்கில்லை. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. என் வாயில் பிஸ்கட் இருந்தது.

"சார் சொன்னா சரியாத்தாங்க இருக்கும்" என்றார் பஞ்சக்கா.

பித்தளைப் பலகை கிடைத்துவிட்டது, ஒரு பரிந்துரையோடு. மன அழுத்தத்தால் அவதிப்படும் மாணவர்களுக்கு வாரத்தில் ஐந்து நாளும் பதினொரு மணிக்கு மூச்சுப் பயிற்சி. ப.வ. பட்டியலில் பெயர் உள்ள அனைவரும் கட்டாயம் வர வேண்டும். அந்த நேரத்தில் நல அறை பூட்டியிருக்க வேண்டும். பூனையின் பெயர் பட்டியலில் முதலாவதாக இருந்தது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று தெரியும். கறியையே பூட்டி வைக்கும் என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

"இப்ப என்னக்கா பண்றது?" என்று கேட்டேன், வெட்கமில்லாமல்.

"நீங்க வழக்கம்போல மீட்டிங் போடுங்க சார்" என்றார். முகத்தில் சிரிப்பு இல்லை.

தொடக்க விழா கூட்ட அரங்கில் நடந்தது. முந்தின நாள் நலக்குழு கூடியதில் இரண்டு தட்டு பிஸ்கட் மிஞ்சியிருந்தது. பிள்ளைகள் வரிசையாகத் தரையில் சம்மணமிட்டார்கள். முன்னால் இரண்டு நாற்காலிகள், ஒன்றில் பிரின்சிபல், மற்றதில் நான். பஞ்சக்கா கோட்டோடு கதவருகே நின்றார். வந்திருந்த பயிற்சியாளர் தேனில் நனைத்த குரல்காரர்.

"எல்லாரும் கண்ணை மூடிக்கோங்க. உள்ளங்கையை மேல பார்த்து முழங்கால்ல வையுங்க. காலைல சாப்பிடாம வந்தவங்க யாராவது இருக்கீங்களா? ரொம்ப நல்லது. வயிறு காலியா இருந்தாத்தான் மூச்சு நல்லா இறங்கும். நான் சொல்ற வரைக்கும் யாரும் கண்ணைத் திறக்கக்கூடாது." சொல்லிவிட்டுத் தானும் கண்ணை மூடிக்கொண்டார்.

எனக்கு எதையும் முழுசாக மூடிப் பழக்கமில்லை. ஒரு கண்ணில் கொஞ்சம் திறப்பு வைத்திருந்தேன்.

பஞ்சக்கா கதவருகே செருப்பைக் கழற்றிவிட்டார். "மூச்சை உள்ளே இழுங்க" என்றது குரல். முதல் வரிசையில் நுழைந்தார். இடப்பக்கப் பையிலிருந்து எடுத்து, விரிந்திருந்த உள்ளங்கைகளில் கைக்கு ஒன்றாக, சத்தமில்லாமல் வைத்துக்கொண்டே போனார். பூனைக்கு மட்டும் கைக்கு இரண்டு. பிள்ளைகளும் லேசுப்பட்டவர்கள் இல்லை. ஒருவர் இமையும் அசையவில்லை, தாடைகள் மட்டும் அசைந்தன. "ஆஹா, அரங்கம் முழுக்க என்ன ஒரு அமைதி" என்று குரல் உருகியது.

கடைசி வரிசை முடிந்து முன்னால் வந்தார். பிரின்சிபலும் கண்ணை இறுக மூடி, உள்ளங்கைகளை விரித்து உட்கார்ந்திருந்தார். பஞ்சக்கா அவர் எதிரில் நின்றார். கை வலப்பக்கப் பைக்குள் போனது. ஒரு பஞ்சுத் துண்டைப் பிய்த்து, பிரின்சிபலின் உள்ளங்கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மெதுவாக மடக்கிவிட்டார். அவர் நிம்மதியாக மூச்சை உள்ளே இழுத்தார்.

பிறகு என் நாற்காலிப் பக்கம் திரும்பி, இன்னொரு துண்டைப் பிய்த்தார்.