கரடிக்கு எந்தச் சன்னம்

மருமகனோடு நேரே கதைக்கிற வழக்கம் எனக்கு இருந்ததில்லை. தேவையானதை மகளிடம் சொல்வேன், அவள் அவரிடம் சொல்வாள். வெளிநாட்டில், சட்டன் என்கிற ஊரில் இருந்த மகளின் வீட்டில் ஒன்பது வருடம் அப்படித்தான் போனது. இரண்டாயிரத்து ஐந்தோ ஆறோ, ஒரு சனிக்கிழமை மத்தியானம் அந்த வழக்கத்தை நானே உடைத்தேன். அதற்காக இன்றைக்கும் நான் வெட்கப்படவில்லை.

அவருக்கு மான் வேட்டைப் பைத்தியம். லைசன்ஸ் எடுத்துத் துவக்கு வைத்திருந்தார். கடையில் விற்கிற துவக்கு ரவையைத் தொடமாட்டார். வெற்றுக் கோதுக்குள் வெடிமருந்தை நிறுத்துப் போட்டு, மேலே பாய்கிற குண்டான சன்னத்தை இறுக்கி, தன் கையாலேயே ரவை செய்வார். எந்தச் சன்னம் நல்லது என்பது அவருக்கும், கூட வேட்டைக்குப் போகிற மலேசியாக்கார இஞ்சினியருக்கும் தீராத கதை. பாரம் குறைந்ததுதான் வேகமாகப் போகும், அதுவே நல்லது என்று கடைசியில் இருவரும் ஒத்துக்கொண்டிருந்தார்கள்.

சுட்ட மானை வெட்டுகிறது நான். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றவள்தான். ஆனால் சன்னம் உடம்புக்குள் என்ன செய்தது என்று இறைச்சியைப் பார்த்தால் தெரியும். தோளில் பட்டது அங்கேயே நொறுங்கியிருக்கும். சன்னத்தின் செப்புத் தோல் ஒரு பக்கம், ஈயம் தூள் தூளாய் இன்னொரு பக்கம். இரத்தம் கட்டிக் கறுத்த தோள்சப்பை இறைச்சியில் பாதியை எறியவேண்டி வரும். நெஞ்சுவரை போய்ச் சேர்வது ஓரிரு துண்டுதான். மானுக்கு அது போதும்.

அந்த முறை இருவரும் கனடாவுக்குக் கரடி வேட்டைக்குப் போக ஆயத்தம். சாப்பாட்டு மேசையில் பேப்பரை விரித்து, ரவைகளைப் பெட்டிக்குள் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அதே சன்னம்தான்.

"மானை விழுத்தினது கரடியை விழுத்தாதோ?" என்று மருமகன் சொன்னது குசினிக்குள் சமையல் வேலையாய் நின்ற எனக்குக் கேட்டது.

மகள் கடைக்குப் போயிருந்தாள். சொல்லியனுப்ப ஆளில்லை. வெட்டிக்கொண்டிருந்த முன்சப்பையைத் தட்டோடு தூக்கிக்கொண்டு போய் மேசையில் வைத்தேன்.

"தம்பி, இந்தச் சன்னத்தோடை கரடிக்குப் போகாதேங்கோ."

நான் நேரே கதைத்ததில் மருமகன் எழும்பியே விட்டார். இஞ்சினியர் சிரித்தார்.

"அம்மா, நீங்க எத்தனை கரடி சுட்டிருக்கீங்க?"

"ஒண்டும் இல்லை. நீங்கள் சுட்டதெல்லாம் வெட்டினது நான்தான். இஞ்சை பாருங்கோ, இவ்வளவு மெல்லிய எலும்பிலையே உடைஞ்சு போச்சு. கரடிக்குக் கொழுப்பு, தசை, மொத்த எலும்பு. நெஞ்சுக்குப் போய்ச் சேராது. காயப்பட்ட கரடி உங்களைத் தேடித்தான் வரும்."

"அதிட்டை என்ரை விலாசம் இருக்கோ மாமி?" என்றார் மருமகன்.

"பகிடியை விடுங்கோ. என்ரை பிள்ளைக்கு நீங்கள் வேணும். பாரமானதாய், உடையாததாய்ப் போடுங்கோ. இல்லாட்டி இனி மானையும் நீங்களே வெட்டுங்கோ. நான் கத்தியைத் தொடமாட்டன்."

"வேகம் குறையுமே, அம்மா," என்றார் இஞ்சினியர்.

"குறையட்டும். போய்ச் சேர்ந்தால் அதுவே காணும்."

மருமகன் சப்பைக்குள் விரலை விட்டுச் செப்புத் தோலை எடுத்து, யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அடுக்கிய ரவைகளை ஒவ்வொன்றாய் வெளியே எடுத்தார். அடுத்த கிழமை முழுதும் பாரமான சன்னம் வைத்துப் புதிதாய்ச் செய்தார். இஞ்சினியர் மாற்றவில்லை.

கரடியைக் காணாமலே இருவரும் திரும்பி வந்தார்கள். வாசலிலேயே இஞ்சினியர் தொடங்கினார்: "என்னம்மா, உங்க சன்னத்துக்கு வேலையே இல்லாமப் போச்சே!"

"இல்லாமலே இருக்கட்டும்," என்றேன். "ஆள் முழுசாய் வந்திட்டார். உங்களுக்கும் சேர்த்துத்தான் சொன்னனான். நீங்கள் கேக்கேல்லை."