மேடம், நீங்களே ஒண்ணு எடுத்துடுங்க

பெரியவர்களை வெளியில் கூட்டிப்போய் போட்டோ எடுக்கச் சொல்லிக்கொடுப்பதெல்லாம் ஒரு தொழிலா என்று கேட்கிறவர்கள் உண்டு. அந்தச் சந்தேகம் எனக்கும் ஞாயிற்றுக்கிழமைதோறும் தவறாமல் வருகிறது. நாற்பது தாண்டியவர்களுக்கு ஸ்கூட்டரோ நீச்சலோ பாட்டோ கற்றுக்கொடுத்து நொந்துபோன அன்பர்கள் யாராவது இதைப் படித்தால், பக்கத்தில் வந்து உட்காருங்கள். நம் கதை ஒன்றுதான்.

இருபது வருடம் திருச்சியில் கல்யாணப் படம் எடுத்தவள் நான். "சித்தப்பா, கொஞ்சம் உள்ள தள்ளி நில்லுங்க" என்று கத்திக் கத்தியே தொண்டை போயிற்று. கேமராவைப் பார்த்து யாரும் பல்லைக் காட்டாத படங்களை எடுக்க வேண்டும், நாலு பேரை எடுக்க வைக்கவும் வேண்டும் என்று ஆசைப்பட்டு, ஸ்ரீரங்கத்தில் எங்கள் குடியிருப்போர் சங்கத்து மாடி ஹாலில் ஞாயிறு காலை வகுப்பு ஆரம்பித்தேன். ஆறு, மரம், பறவை, வெளிச்சம், இவைதான் பாடம். அதே நேரத்துக்கு ஒரு யோகா மாஸ்டரும் ஹாலைக் கேட்டிருந்தார். சங்கச் செயலாளர் ராகவன் சார் நியாயஸ்தர். மூன்று மாதம் கழித்து ஆண்டு விழா வருகிறது, அதில் உங்கள் மாணவர்கள் எடுத்த படங்களை மாட்டுங்கள், பார்த்துவிட்டு ஹால் யாருக்கென்று முடிவு செய்கிறோம் என்றார். எதற்கு இந்தப் பரீட்சை என்று கேட்டேன்.

"யோகா கத்துக்கிட்டா உடம்பு வளையறது கண்ணுக்குத் தெரியும் மேடம். உங்ககிட்ட கத்துக்கிட்டது எங்க தெரியும்?"

எனக்கு அந்த ஹால் வேண்டும். வேறு இடம் கிடையாது. அதைவிட, மறுபடி ஒரு கல்யாண மேடையில் ஏறிச் சித்தப்பாக்களை நகர்த்தத் தெம்பு கிடையாது.

வெயில் வரட்டும்

முதல் பாடம் அதிகாலை வெளிச்சம். அம்மா மண்டபம் படித்துறைக்கு ஆறு மணிக்கெல்லாம் வந்துவிடுங்கள் என்று எல்லோரிடமும் சொல்லியிருந்தேன். சூரியன் எழும்பும்போது ஆற்றின் மேல் விழுகிற அந்த மஞ்சள் வெளிச்சம் கொஞ்ச நேரம்தான் நிற்கும், அதற்குப் பிறகு வருவதெல்லாம் துணி காயப்போடத்தான் உதவும் என்றும் சொல்லியிருந்தேன்.

திருவெறும்பூர் சுந்தரம் சார் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மகன் வெளிநாட்டிலிருந்து வாங்கி அனுப்பிய கேமரா அவரிடம் இருக்கிறது. அதன் லென்ஸ் ஒரு கைக்குழந்தை கனம். அவர் ஒன்பது மணிக்கு வந்தார். நெற்றியில் விபூதி, வாயில் தோசை வாசனை. வெளிச்சம் போய்விட்டதே சார் என்று நான் அழாத குறையாகச் சொன்னேன். அவர் வானத்தை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார்.

"எங்க மேடம் போச்சு? இப்பத்தானே நல்லா அடிக்குது!"

மலைக்கோட்டைக்கு முன்னால்

ஜெசிந்தா கல்லூரியில் வேதியியல் பாடம் எடுக்கிறவர். வகுப்பிலேயே கெட்டிக்காரர். நான் சொல்வதையெல்லாம் கவனமாகக் கேட்டு, புரிந்துகொண்டு, நல்ல கேள்வியும் கேட்பார். காவிரிப் பாலத்தில் நின்று மலைக்கோட்டையை எப்படி எடுப்பது என்று விளக்கினேன். பாறையைப் படத்தின் நட்டநடுவில் வைக்க வேண்டாம், ஒரு ஓரமாகத் தள்ளுங்கள், ஆற்றுக்கும் வானத்துக்கும் இடம் விடுங்கள் என்றேன். அழகாகத் தலையாட்டினார். பாறையை ஓரமாகத் தள்ளினார். ஆற்றுக்கு இடம் விட்டார். வானத்துக்கும் விட்டார். அப்புறம் போனை என் கையில் கொடுத்துவிட்டு, காலியாக இருந்த இடத்தில் போய் நின்றார்.

இத்தனை அருமையான காட்சியை விட்டுவிட்டு ஏன் இப்படி என்று கேட்டேன். என் குரலில் கொஞ்சம் சூடு இருந்தது உண்மை.

"மலைக்கோட்டையை எல்லாரும் பார்த்திருக்காங்க மேடம். நான் இங்க நின்னதைத்தான் யாரும் பார்க்கலை. நீங்களே ஒண்ணு எடுத்துடுங்க."

முசிறித் தோப்பு

அடுத்த வாரம் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் எல்லோரையும் ஏற்றி முசிறிக்குப் போனோம். வாழைத்தோப்புக்குள் வெயில் இலை வழியாக வடிந்து பச்சையாகவே விழும். அதை எடுப்பதுதான் அன்றைய பயிற்சி. தோப்புக்காரர் நல்ல மனுஷர், தாராளமாக எடுங்கள் என்று வழிவிட்டார். தெற்கு உத்தர வீதி வைதேகி மாமி பட்டுப்புடவையில் வந்திருந்தார். கணவர் ரங்கராஜன் மாமா, புளியோதரைத் தூக்கைச் சுமந்துகொண்டு பின்னால் வந்தார். இருவருக்கும் சேர்த்து ஒரே போன். அது மாமாவின் சட்டைப்பையை விட்டு அன்று வெளியே வந்தது ஒரே தடவை, என் கைக்கு மாறுவதற்காக.

இலையைப் பாருங்கள், நிழலைப் பாருங்கள் என்று நான் கரடியாய்க் கத்திக்கொண்டிருக்க, மாமி தார் தள்ளிய மரம் ஒன்றைத் தேடிப்பிடித்து அதன் பக்கத்தில் மாமாவை நிறுத்தினார். தானும் நின்றுகொண்டார். தூக்கை மறைத்து வைக்கச் சொன்னார். எடுத்தேன். என்ன செய்வது, பச்சை வெளிச்சம் அந்தப் புடவை மேல் விழுந்த அழகைப் பார்த்து எனக்கே கை நிற்கவில்லை. இதற்கு ஏன் மாமி இவ்வளவு தூரம் பஸ்ஸில் வரவேண்டும், வாசலிலேயே எடுத்திருக்கலாமே என்றேன்.

"எங்க கல்யாணத்துக்கு வாசல்ல வாழைமரம் கட்டியிருந்தா. அதுக்குப் பக்கத்துல ஒரு படம் எடுக்கச் சொல்லிண்டே இருந்தேன், அந்தப் போட்டோக்காரர் காதுலயே போட்டுக்கலை. இன்னிக்குத்தான் அந்தக் குறை தீர்ந்தது."

அந்தப் போட்டோக்காரர் சார்பில் இன்னும் ஒன்று எடுத்துக்கொடுத்தேன்.

சமயபுரத்தில் ரகசியமாக

மனிதர்களை எடுக்கத்தான் எடுப்பீர்கள் என்றால், அவர்களுக்குத் தெரியாமல் எடுங்கள் என்று இறங்கிவந்தேன். வேலை செய்கிறவர் வேலையில் இருக்கட்டும், சிரிக்கிறவர் தனக்காகச் சிரிக்கட்டும். இதற்குச் சமயபுரத்தைவிட நல்ல இடம் ஏது? கோயிலுக்குப் போகிற வழியெல்லாம் கடைகள், கூட்டம், மாலை கட்டுகிற கைகள்.

சுந்தரம் சார் ஒரு பூக்கடை எதிரே நின்று தன் கேமராப் பீரங்கியைத் தூக்கினார். கடைக்கார அம்மா தன்பாட்டுக்கு மாலை கட்டிக்கொண்டிருந்தார். அருமையான காட்சி. கடைசியில் ஒரு மாணவர் ஒரு படம் எடுக்கப் போகிறார்! அப்போது சுந்தரம் சார் தெருவே திரும்பிப் பார்க்கும்படி குரல் கொடுத்தார்: "அம்மா! போட்டோ எடுக்கறேன், கொஞ்சம் கவனிக்காம இருங்க!" அந்த அம்மா மாலையைக் கீழே வைத்து, முந்தானையைச் சரிசெய்து, பக்கத்துக் கடைத் தங்கச்சியையும் கூப்பிட்டு நிறுத்திக்கொண்டு, கைகளை ஒட்டவைத்து நேராக நின்றார்.

"கவனிக்காமத்தான் இருந்தேன் சார், நீங்க சொன்னப்புறம்தான் கவனிச்சேன். சரி, எடுங்க!"

தேர்ந்தெடுத்த படங்கள்

ஆண்டு விழா வந்தது. அவரவர் எடுத்ததில் சிறந்த படத்தை அனுப்புங்கள் என்று வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். ஜெசிந்தா பாலத்தில் நிற்கும் ஜெசிந்தாவை அனுப்பினார். மாமி தோப்பில் நிற்கும் மாமியையும் மாமாவையும் அனுப்பினார். சுந்தரம் சார், படித்துறையில் கேமராவோடு கம்பீரமாக நிற்கும் சுந்தரம் சாரை அனுப்பினார். மற்றவர்களும் அப்படியே. எல்லாம் நல்ல படங்கள். ஏன் நன்றாக இருக்காது? அத்தனையும் நான் எடுத்தவை.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. ஹால் கையைவிட்டுப் போவது கண்ணுக்குத் தெரிந்தது. ஒவ்வொருவர் போனையும் வாங்கித் துழாவினேன். ஜெசிந்தாவின் போனில் ஒன்று கிடைத்தது. பனியில் காவிரி, நடுவில் ஒற்றைப் பரிசல், வேறு ஒன்றுமில்லை. அவரே எடுத்தது. பார்த்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. இதை ஏன் அனுப்பவில்லை என்று கேட்டேன்.

"அதுல நான் இல்லையே மேடம்!"

விழா அன்று

பரிசலை நடுவில் மாட்டினேன். சுற்றிலும் மாணவர்கள் அவரவர் படத்தைச் சட்டம் போட்டே கொண்டுவந்து மாட்டிவிட்டார்கள். சங்கத்தார் குடும்பத்தோடு வந்தார்கள். எல்லோரும் ஒவ்வொரு முகத்தின் முன்னாலும் நின்று பேசினார்கள். பரிசலுக்கு முன்னால் நின்றது ஒரே ஒரு அம்மாள். இதில் நிற்க வேண்டியவர் வரவில்லையா என்று கேட்டுவிட்டு அடுத்ததற்கு நகர்ந்தார்.

ராகவன் சார் சுற்றிப் பார்த்துவிட்டு, எல்லாரும் ஒரே மாதிரி அருமையாக எடுத்திருக்கிறார்களே, உங்கள் பயிற்சி தெரிகிறது என்றார். சும்மா இருந்திருந்தால் ஹால் என்னுடையது. ஆனால் அந்தப் பொய் எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை. சார், அந்தப் பரிசல் ஒன்றுதான் மாணவி எடுத்தது, மீதி எல்லாம் நான் எடுத்தது, இவர்கள் யாரும் ஒன்றும் கற்றுக்கொள்ளவில்லை என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன். மாணவர்கள் துளியும் வெட்கப்படவில்லை. ராகவன் சார் படங்களை இன்னொரு சுற்றுப் பார்த்தார். அப்படியானால் ஞாயிறு ஹால் உங்களுக்குத்தான், யோகாவைச் சனிக்கிழமைக்கு மாற்றிக்கொள்ளலாம், அடுத்த வகுப்பில் என்னையும் என் வீட்டம்மாவையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றார். அவருக்குப் பின்னால் ஒரு வரிசையே நின்றது. வரிசையின் முதல் ஆள், ஞாயிறு ஹாலை இழந்த யோகா மாஸ்டர்.

"கொள்ளிடம் மணல்ல நான் தலைகீழா நிக்கறேன் மேடம், சூரியன் சரியா என் ரெண்டு காலுக்கும் நடுவுல வரணும். நீங்களே ஒண்ணு எடுத்துடுங்க."

மொத்தத்தில், வெளியில் போய்ப் படம் எடுக்கும் திறமை எங்கள் வகுப்பில் மாதத்துக்கு மாதம் பிரமாதமாக முன்னேறிவருகிறது, அந்த முன்னேற்றம் முழுவதும் வாத்தியாருக்கே என்பது மட்டும்தான் ஒரு சின்னக் குறை.